யாருக்கோ வந்த பெட்டி

கூரியர்காரர் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிற்பதற்குள் ஒரு கை நீளமுள்ள பெட்டியை ஒளித்தாக வேண்டும். முதல் வேலையாக மேலே ஒட்டியிருந்த முகவரிச் சீட்டைப் படிக்காமலே உரித்தார். நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், பழைய செய்தித்தாள் கட்டுக்குள் திணித்தார். பேர் இருந்தால்தானே வம்பு.

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் சொந்த வீட்டிலேயே திருடனாக நிற்பதற்குக் காரணம் மலைச் சைக்கிள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாரமெல்லாம் அடுத்தவர்களைக் கடைசி வரி எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் மனைவியோடு குன்றின் கல்பாதையில் சைக்கிள் ஏறப் போவார். குன்றில் அவரை முந்திப் போனவர்களில் நடந்து போனவர்களும் உண்டு. அதற்குக் காரணம் சைக்கிளின் இருக்கைதான் என்று இருக்கையை மாற்றினார். பிறகு ஹேண்டில்பார், பிறகு சக்கரங்கள், பிறகு பிரேக். சைக்கிள் ஒன்றரைக் கிலோ இளைத்தது. இளைத்தது எங்கும் போய்விடவில்லை, பத்திரமாக அவர் இடுப்பில்தான் இருந்தது.

கழற்றிய பாகங்கள் வீடெங்கும் பரவின. போர்வைகளுக்கு நடுவே ஒளித்து வைத்த பல்சக்கரம் மனைவியின் கையைக் கீறிய அன்று தீர்ப்பு வந்தது. அவள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ‘இன்றிலிருந்து ஒரு வருடம், சைக்கிளுக்கு எந்தப் பாகமும் வாங்க மாட்டோம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டி, அவரிடம் கையொப்பம் வாங்கினாள். அவரை மட்டும் போடச் சொன்னால் மனசு நோகும் என்று தானும் போட்டாள்.

தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தார். தொண்ணூற்றோராவது நாள் ஒரு ஃபோர்க்கின் படத்தைப் பார்த்தார். முன்சக்கரத்தை இரண்டு காலால் கவ்விக்கொண்டு, கல் வந்தால் அமுங்கி எழும் சமாச்சாரம். பழையது கறுப்பு, அதனால் புதிதையும் கறுப்பிலேயே ஆர்டர் செய்தார். மாட்டிவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது.

தண்ணீர் நின்றது. தலையில் துண்டோடு மனைவி வந்தாள்.

“யாரு வந்தது?”

“கூரியர்” என்றார். பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது.

துண்டை முறுக்கிய கை நின்றது. “யாருக்கு?”

“பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சருக்கு.”

“பேரையே காணோமே.”

“வாயால சொன்னான்.”

வயிற்றுவலி என்று லீவு கேட்கும் பையனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். பிறகு, “வாங்க, நானும் வரேன். சேர்ந்தே குடுத்துட்டு வருவோம்” என்றாள்.

பாட்டு டீச்சர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எனக்கா? நான் ஒண்ணும் வாங்கலையே. சரி, பிரிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும்.”

“பிரிக்காதீங்க” என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொன்னார்கள். பாட்டு டீச்சரே மெச்சும்படி சுதி சேர்ந்திருந்தது. அடுத்தவர் பொருளில் இவளுக்கு எவ்வளவு மரியாதை, இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அடுத்த பொய் தயாராகிவிட்டது.

“அப்ப நம்ம கடைச் சரக்காத்தான் இருக்கும். லென்ஸ்.”

“இவ்வளவு நீளத்துலயா?” என்றாள் மனைவி.

“தூரப் பார்வைக்கு.”

“என்னமோங்க, எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் கூரியர் ஆபீஸ்லயே குடுத்து விசாரிச்சுடறேன்.”

“வேண்டாம், கனமா இருக்கு.”

“சைக்கிளையே தோள்ல போட்டுக்கிட்டு மேடேறுறவளுக்கு இதுவா கனம்?”

பெட்டியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில். கொஞ்ச நேரம் இருவரும் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். கூரியர் ஆபீசில் தானே சேர்ப்பதாகச் சத்தியம் செய்த பிறகுதான் அவள் விட்டாள். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் நேரே மெக்கானிக் கடைக்குப் போனார்.

மெக்கானிக் பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஃபோர்க் மிளகாய்ப்பழம்போல் சிவந்து கிடந்தது.

“சார், கறுப்புன்னுல்ல சொன்னீங்க?”

“மாத்தி அனுப்பிட்டான்.”

“திருப்பி அனுப்பிடுவோம். நாலு நாள்ல வேற வந்துடும்.”

“நாளைக்குச் சனிக்கிழமை. மாட்டுங்க.”

“ஃபோர்க்கோட மேல்தண்டை உங்க சைக்கிள் அளவுக்கு அறுக்கணும் சார். அறுத்துட்டா அவன் திரும்ப வாங்க மாட்டான்.”

ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தில் புத்தி சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. “அறுங்க” என்றார்.

மாட்டி நிறுத்தியதும்தான் உறைத்தது. கண்ணாடி போடாதவனுக்குக்கூட அந்தச் சிவப்பு பத்து வீடு தள்ளித் தெரியும். மெக்கானிக்கிடம் கறுப்பு ஸ்ப்ரே டப்பா ஒன்றை வாங்கி, கடைக்குப் பின்னால் வைத்துத் தானே அடித்தார். ஃபோர்க்குக்குப் பாதி போனது. மீதி டயருக்கும் விரலுக்கும் இடது பக்க மீசைக்கும் போனது.

வாசலிலேயே மனைவி காத்திருந்தாள்.

“யார்கிட்ட குடுத்தீங்க?”

“ஆபீஸ்ல. ஒரு தாடிக்காரர்.”

“ரசீது?”

“குடுக்கல.”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சற்றுக் கழித்து நிமிர்ந்து, “மீசை ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?” என்றாள்.

“டை அடிச்சேன்.”

“ஒரு பக்கம் மட்டுமா?”

“மறுபக்கம் நாளைக்கு.”

வேறு நாளாக இருந்தால் இதற்கே வீடு இரண்டாகியிருக்கும். அவளோ எழுந்து உள்ளே போனாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவது கேட்டது. “தாடிங்க, தாடி வச்சவர். அப்படி யாருமே இல்லையா?”  தலைமையாசிரியை விசாரணையில் இறங்கிவிட்டாள். முப்பது வருடத்தில் அவளிடம் தப்பித்த மாணவன் கிடையாது. அன்று இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை குன்றில் அந்த ஃபோர்க் வெண்ணெயாக இறங்கியது. கற்களெல்லாம் எங்கே போயின என்று தேட வேண்டியிருந்தது. ஏற்றத்தில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மனைவியை முந்தினார். அதில்கூடப் பெருமைப்பட வழியில்லை. அவள் பெடலை மிதிக்கிறாளா, சும்மா கால் வைத்திருக்கிறாளா என்றே தெரியவில்லை. முகம் அப்படி வாடியிருந்தது. யாருக்கோ வந்த பெட்டி தொலைந்ததற்கு இப்படி உருகுகிற மனசு. இறங்கும்போதே முடிவு செய்துவிட்டார், வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்துவிடுவது என்று.

அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் அவள் குனிந்தாள். வழியில் கல் தெறித்து, ஃபோர்க்கில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு பெயர்ந்திருந்தது. அவள் நகத்தால் மெல்லச் சுரண்டினாள். சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது.

“என்னோடதுதான்” என்றார் கண்ணாடிக்காரர். “லென்ஸும் இல்ல, தாடியும் இல்ல. நான்தான் வாங்கினேன். கறுப்பு கேட்டேன், கடங்காரன் சிவப்பை அனுப்பிட்டான். நீ கண்டுபிடிச்சுடக் கூடாதுன்னு பெயிண்ட் அடிச்சேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்தும் புத்தி வரல. என்ன தண்டனை வேணும்னாலும் குடு, டீச்சர்.”

அவள் திட்டவில்லை. கண்களில் நீர் திரண்டிருந்தது. “மேல்தண்டையும் அறுத்துட்டீங்களா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

“உன் அளவுக்கு எனக்கு நேர்மை கிடையாதும்மா” என்றார். தண்டை அறுப்பதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கு லேசாக உறுத்தத் தொடங்கியபோது, பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. கூரியர் சட்டை போட்ட ஒரு பெண், ஒரு கை நீளப் பெட்டியோடு இறங்கி, சீட்டைப் படித்துவிட்டு அவர் பக்கம் நீட்டினாள்.

“நேத்து இந்த அம்மாவோட பெட்டியை மட்டும்தான் குடுத்திருக்காங்க சார், இதுதான் உங்களோடது.”