பந்தியில் வாங்கிய சம்மதம்

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை வல்லரசு அவர்களுக்கு,

ராஜபாளையத்திலிருந்து உங்கள் மாமனார் காசிராஜன் எழுதிக்கொள்வது. அய்யனார் புண்ணியத்தில் இங்கே என் ரத்தக்கொதிப்புக்கும் குறைவில்லை, உங்கள் அத்தையின் கோபத்துக்கும் குறைவில்லை. அங்கே சிங்கப்பூரில் நீங்களும் வெங்கடேஸ்வரியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன மாதம் "ஒரு சின்ன உதவி மாமா" என்று ஆரம்பித்தீர்களே, அதுதான் விஷயம். உங்கள் வளர்ச்சி நிதியம் அய்யனார் கோவிலுக்கு மேலே உள்ள காட்டை யார் கையும் படாமல் காப்பாற்றப் பணம் கொடுக்கப் போகிறது, அதனால் உலகத்தின் காற்றெல்லாம் சுத்தமாகும், ஆனால் அங்கே காலங்காலமாக இருக்கிற பளியர்கள் இனி அந்தச் சரிவில் ஏறித் தேன் எடுக்கவோ கிழங்கு தோண்டவோ கூடாது, பதிலுக்குத் தையல் மிஷின் தருவார்கள் என்றீர்கள். அதற்கு நிதியத்தில் ஒரு விதி, காட்டு மக்களிடம் எல்லா விவரமும் முன்கூட்டியே சொல்லி, வற்புறுத்தாமல், அவர்கள் வாயாலேயே சம்மதம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டமே கிடையாது, கேட்கப் போக வேண்டிய ஆள் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார் என்றும் சொன்னீர்கள். "மில்லில் லேபர் ஆபீசராக இருந்து யூனியன்காரர்களையே தலையாட்ட வைத்தவர் நீங்கள், இது உங்களுக்கு ஜுஜுபி" என்றீர்கள். நானும் பூரித்துப்போய் ஒப்புக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பந்தல், நாற்காலி, மைக் என்று எதிலும் குறை வைக்கவில்லை. வந்தவர்கள் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். மைக் கூவின கூவலில் கைக்குழந்தைகளெல்லாம் அழ, அதையும் மீறி எல்லா விவரத்தையும் சொல்லி முடித்து, "உங்க தலைவர் யாரு?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராக்கப்பன் என்கிறவர்தான், "அப்படி யாரும் கெடையாதுங்கய்யா. அவுகவுக வாய்க்கு அவுகவுகதான்" என்றார். சரி, உங்கள் வீட்டுக்காரிக்கும் சேர்த்து நீங்களே சொல்லுங்கள் என்றதற்கு, நான் ஏதோ தகாத வார்த்தை பேசினதுபோல் முகம் சுருங்கி, "அதை அவகிட்டல்லா கேக்கணும்" என்றார். அவர் மனைவி வெள்ளத்தாயைக் கேட்டேன், சிரித்தாள். எல்லாரையும் கேட்டேன், எல்லாரும் சிரித்தார்கள். மில்லில் பிடிக்கவில்லை என்றால் முதலில் நாற்காலி பறக்கும், பிறகுதான் பேச்சு. இங்கே ஒரு முணுமுணுப்புகூட இல்லை. வத்திராயிருப்புச் சமையல்காரர் ஆக்கிய ஆட்டுக்கறிச் சோற்றை அம்புட்டுப் பேரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது. ஏனென்றால் நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண் பார்க்க வந்த அன்று, கல்யாணம் ராஜபாளையத்திலா ஸ்ரீவில்லிபுத்தூரிலா என்று முடிவாகும்வரை கை நனைக்க மாட்டேன் என்று உங்கள் அப்பா எச்சிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே! கை நனைத்துவிட்டால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? அங்கிருந்தே உங்களுக்குப் போன் போட்டு, "முடிஞ்சது மாப்பிள்ளை" என்றேன். நீங்களும் அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டீர்கள்.

சாப்பிட்டதும் அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் ஆபீஸ் அம்மையார் அந்தச் சம்மதத்தைச் சரிபார்க்க அடுத்த மாதம் நேரில் வருகிறார் என்று நீங்கள் சொன்னதும், தகவல் சொல்லக் குடியிருப்புக்குப் போனால் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. அடுப்பெல்லாம் ஆறிக் கிடக்கிறது. ஒரு பெட்டைக்கோழி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஜீப் ஓட்டி வந்த முத்துப்பாண்டி, "சார், அவிய மலை மேல போயிட்டாவ" என்றான். அந்த அம்மையார் கடல் தாண்டி வந்து கோழியிடமா கருத்துக் கேட்பார்? பதற்றத்தில் உங்கள் அத்தைக்குப் போன் போட்டு, வத்திராயிருப்புச் சொந்தக்காரர்களை ஒரு நாள் வந்து உட்காரச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டேன். "ஏங்க, எங்க அண்ணன் தொப்பையப் பாத்தா கெழங்கு தோண்டித் திங்கிற ஆளு மாதிரியா இருக்கு? வெக்கமாயில்ல உங்களுக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் முத்துப்பாண்டியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். அட்டை கடித்தது, வழுக்கி விழுந்தேன், கண்ணாடி எங்கோ போயிற்று. ஒரு பெரிய பாறையின் அடியில் அத்தனை பேரும் இருந்தார்கள். "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டீங்களே?" என்றேன் வெள்ளத்தாயிடம்.

"சொல்லிட்டுத்தானய்யா வந்தோம்."

"எப்பச் சொன்னீங்க?"

"அன்னைக்கே எந்திரிச்சு வந்தமே" என்றாள்.

ராக்கப்பன்தான் எனக்கு விளங்க வைத்தார். "எங்களுக்கு எதுத்துப் பேசிப் பழக்கமில்லைங்க. வேண்டாம்னா சண்ட போட மாட்டோம், அந்த எடத்த விட்டுப் போயிருவோம். தேன் பாறைக்குப் போகக்கூடாதுன்னா நாங்க எங்கங்கய்யா போக?"

"பொறவு ஏன்யா சாப்பிட்டீங்க?"

"பசிச்சது. கறியும் நல்லாருந்துச்சு."

ஆக, மாப்பிள்ளை, நான் அனுப்பியது சம்மதம் அல்ல, சாப்பாட்டுக் கணக்கு. ஆனால் நீங்கள் பதற வேண்டாம், பதறுவதற்கு நான் இருக்கிறேன். உங்கள் பதவி உயர்வு நெருங்குகிற நேரம், உங்கள் பேருக்குக் களங்கம் வந்தால் என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? எனவே அந்தச் சம்மதம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அம்மையாருக்கு ஒரு காய்ச்சல் வரவழைத்துப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நான் இன்னொரு தடவை கறியோடு போய் எப்படியாவது பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்.

வெங்கடேஸ்வரிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். சகல பாக்கியங்களோடும், முக்கியமாக வேலையோடும், நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட மாமனார்,
காசிராஜன்

பின்குறிப்பு: மேலே "அப்படியே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். உறை ஒட்டக் கொடுத்தபோது உங்கள் அத்தை முழுவதையும் படித்துவிட்டாள். நேற்றிலிருந்து மலையில் விடாத மழை. "வீடு வாசல் இருக்கும்போது, அவிய புள்ளகுட்டியோட பாறைக்கடியில எதுக்குக் கெடக்காவ? நீங்க கேட்ட கேள்விக்காகத்தானே?" என்றாள். அவள் சொல்வது சரிதான். திரும்பக் கேட்கப் போகிறேன் என்று நான் இருக்கிறவரை அவர்கள் இறங்க மாட்டார்கள். ஆகவே நீங்கள் கொடுத்திருந்த நம்பரில் அம்மையாரையே கூப்பிட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவர்கள் நோ சொல்லிவிட்டார்கள் மேடம் என்றேன். யெஸ் என்றுதானே அறிக்கை இருக்கிறது என்றார். யெஸ் சொன்னது நான் மேடம், அவர்கள் இல்லை என்றேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்களுக்கு ஆபீசிலிருந்து ஓலை வந்திருக்கும், என்னை மன்னிக்க வேண்டும். இனி யாரும் கேட்க மாட்டோம் என்று சொல்லிவர முத்துப்பாண்டியைக் காலையிலேயே மேலே அனுப்பினேன். சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவர்கள் இன்னும் இறங்கி வரவில்லை.