ஆறு சென்டிமீட்டர் தாழ்வு

விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஆதரவு தெரிவித்து அனுப்பிய வெற்றி வாழ்த்துத் தாள் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்ததுதான் குற்றம். சங்கச் செயலாளர் வந்தார், பார்த்தார், திரும்பிப் போனார். பத்தே நிமிஷத்தில், உறை ஒட்டிக்கொண்டிருந்த சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

வேட்புமனு கொடுக்க அன்று ஒரு நாள்தான். மாகாண சபைக்கு நிற்கிற ஹிராபயாஷியின் பிரசார அலுவலகத்தில் சுவர் முழுக்கக் கசுவேயின் பொறுப்பு. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கில் ஓட்டு. சம்பளத்துக்காக அவள் வரவில்லை. மழலையர் பள்ளிக்கு எதிரே ஒரு சிக்னல் வேண்டும். நாலு வருஷமாக அம்மாக்கள் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஜெயித்தால் போட்டுத் தருவதாக ஹிராபயாஷி வாக்குக் கொடுத்திருந்தார்.

கசுவே விவசாயிகளை நடுவுக்குக் கொண்டுவந்தாள். அங்கே இருந்த ஒப்பந்ததாரர் சங்கம் ஓரத்துக்குப் போனது. உடனே ஒலிபெருக்கி வண்டியின் ஓட்டுநர் சாவியை மேஜையில் வைத்தார். அவர் ஒப்பந்ததாரர்கள் அனுப்பிய ஆள். சரி, இரண்டையும் நடுவில் ஒரே உயரத்தில் ஒட்டினாள். மருத்துவர் சங்கத்திலிருந்து ஒருவர் அளவுநாடாவோடு வந்து, தங்கள் தாள் ஆறு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஹிராபயாஷி பதறிப்போனார். "என் தலையில கல்லைப் போட்டியேம்மா. எல்லாரும் வண்டியில ஏறுங்க. மூணு சங்கத்துக்கும் போய்க் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுவோம்."

கசுவே வாசலில் மறித்தாள். "ஐயா, அம்மாக்களோட சிக்னல் மனுவையும் சுவர்ல ஒட்டவா?"

"அவங்களுக்குச் சங்கம் கிங்கம் இருக்கா?"

"முப்பத்தோரு பேர்தான். ஆனா பிள்ளைங்க உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டுல்ல ரோட்டைத் தாண்டுது."

"ஜெயிச்சப்புறம் பாப்போம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு சென்டிமீட்டருக்கு அலுவலகமே ஓடுகிறது. நாலு வருஷக் காத்திருப்புக்கு ஒருத்தர் காலும் நகரவில்லை. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று திட்டிக்கொண்டே ஏணியில் ஏறி, மூன்று தாள்களையும் உட்கூரையில் ஒட்டினாள். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லை.

மாலையில் எல்லாரும் திரும்பினார்கள். மூன்று சங்கங்களும் மனம் இறங்கிவிட்டனவாம். கூரையை அண்ணாந்து பார்த்த ஹிராபயாஷிக்கு வாயெல்லாம் பல். அப்போது தொலைபேசி அடித்தது. தேர்தல் ஆணையத்து எழுத்தர்.

"ஐயா, மணி அஞ்சாயிடுச்சு, உங்க வேட்புமனு வரவேயில்ல, எதிர்த்து நிக்கிறவர் போட்டியில்லாம ஜெயிச்சாச்சு. அவருக்கு எந்தச் சங்கமும் கிடையாதாம், வேற வேலை இல்லாம காலையில எட்டரைக்கே வந்து குடுத்துட்டாரு."