குளியலறைக்குள் போன எல்லைக்கோடு

வழக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வீட்டுப் பல் டாக்டர் புதிதாக எழுப்பிய சுற்றுச்சுவர், முன்பக்கம் எங்கள் நிலத்துக்குள் ஒரு முழம் வந்திருந்தது. ஊரார் வாயில் கைவைப்பது அவர் தொழில். அதற்காக என் வாயிலிலுமா கைவைப்பது?

"கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, அதுக்கும் மேல ஒண்ணு இருந்தா அங்கயும் போவேன்!" என்று கூடத்தில் நின்று முழங்கினேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தாராளமா போங்க. அந்தத் தலையணை உறையை எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டா ஆள் ஆடிப்போயிடுவான்!"

"ஆடுறது இருக்கட்டும். முதல்ல சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து பாருங்களேன். அளக்காம கேஸ் போட்டா, நம்ம பேரப்பிள்ளைங்க வரைக்கும் கோர்ட் பெஞ்சைத் தேய்க்கணும்."

"அளக்கத்தான் போறேன்! அதுவும் அவனை எதிர்ல நிக்க வச்சு!"

யோசனை என்னுடையதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் வந்தார். வாசலில் நாடாவைப் பிடித்தார். "ஒரு முழம் உங்க இடந்தான் சார்."

நான் பல் டாக்டரைப் பார்த்தேன். எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயைத் திறக்கவில்லை.

"பின்பக்கமும் பார்த்துடுவோம்" என்று சர்வேயர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். கூடம் தாண்டி, சமையலறை தாண்டி, இடதுபக்கம் திரும்பி, நேராகக் குளியலறை. யாரும் வழி சொல்லவில்லை.

"எல்லை இப்படிப் போகுது சார்."

அவர் காட்டிய கோடு வாளிக்கும் குழாய்க்கும் நடுவே போயிற்று. வாளி உள்நாட்டில். குழாய் வெளிநாட்டில். இத்தனை வருஷமாகப் பாஸ்போர்ட் இல்லாமல் குளித்திருக்கிறேன்!

பல் டாக்டரின் பற்கள் அத்தனையும் வெளியே வந்தன. "அப்போ நான்தான் கேஸ் போடணும் போலிருக்கே!"

"போடுய்யா! ஷவர் நான் வாங்கினது!"

"ஷவர் உன்னுதுன்னா சுவர் என்னுது!"

வழுக்கும் தரையில் இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றோம்.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க." என் மனைவியின் குரல். பக்கத்தில், தேநீர்த் தட்டோடு பல் டாக்டரின் மனைவி.

"இதெல்லாம் நாங்க எப்பவோ அளந்து பார்த்துட்டோம்" என்றாள் என் மனைவி. "முன்பக்கத்து முழம் அவங்களுக்கு. குளியலறை நமக்கு. பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிஞ்சுட்டா எதையும் இடிக்க வேணாம்."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? நீங்களே கூப்பிட்டு அளந்தாத்தான் உங்களுக்கு அளவு புரியும்."

சர்வேயர் யார் முகத்தையும் பார்க்காமல் நாடாவைச் சுருட்டினார்.

பதிவு அலுவலகத்தில் மனைவிமார் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வீடுகள் அவர்கள் பேரில். எங்களைச் சாட்சிகள் என்று சொல்லி ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"எப்படியோ, நீங்க சுவரைத் தப்பா கட்டினதும் நல்லதாப் போச்சு" என்றேன் பெருந்தன்மையாக.

பல் டாக்டர் என் காதருகே குனிந்தார். "நான் எங்க கட்டினேன்? காலையில கொத்தனாரைப் பிடிச்சுக் கேட்டேன். இங்கதான் கட்டணும்னு கயிறு பிடிச்சுக் காட்டினதே உங்க வீட்டம்மாதானாம் சார்!"