மரங்கொத்தி முரசறைந்த ஒன்பது நாள்

வாழ்க சுதாகரன்! கந்தப்பளைக்கு மேலே, முகிலும் பனியும் முறை வைத்து ஆளுகின்ற மலைச்சரிவில், பத்துக் காம்பராக்கள் தோளோடு தோள் சாய்ந்து நிற்கும் பழம்பெரும் தொழிலாளர் லயத்தின் ஏழாம் காம்பராவுக்கு அதிபதியும், நற்கொழுந்து பறிக்கும் பூரணியின் கொழுநனும், இரவு முழுதும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் வாடக் கிடக்கும் பச்சைக் கொழுந்தைப் புரட்டிப் புரட்டிப் பொழுதை வெல்பவனும், விடிந்தபின் வீடு திரும்பி, உலகமெல்லாம் வேலைக்குக் கிளம்பும் வேளையில் போர்வைக்குள் புகுந்து பகலையே இரவாக்கும் பேராற்றல் படைத்தவனுமாகிய சுதாகரன் வாழ்க, வாழ்க! அவனுக்குத் தேரில்லை, யானையில்லை, குடையில்லை. ஒரு பலகைக் கட்டிலும் இரண்டு போர்வைகளும் இருந்தன. பகலில் தூங்காதவன் இரவில் தூங்குவான், இரவில் தூங்குகிறவனுக்குத் தொழிற்சாலையில் இடமில்லை. ஆகவே தூக்கமே அவனுடைய பாதி உத்தியோகம்.

அந்தத் தூக்கத்தின் மேல்தான் பகை வந்து இறங்கியது.

பகைவனைப் பாடாமல் போரைப் பாடுவது முறையன்று. ஆதலால் கேளுங்கள். செங்கொண்டைச் செம்மல், செம்முதுகுச் சீமான், முன்னிரண்டும் பின்னிரண்டுமாக விரல் பதித்துச் செங்குத்தான மரத்தில் படியேறுவதுபோல் ஏறுகிறவன், விறைத்த வாலையே மூன்றாம் காலாக ஊன்றி நிற்கிறவன், நாவைச் சுருட்டி மண்டைக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கும் மாயக்காரன், பட்டைக்கு உள்ளே கதவடைத்துக் குடியிருக்கும் வண்டுப் புழுவையும் எறும்பின் முட்டையையும் வாசலில் நின்றே இழுத்தெடுத்து உண்பவன், நாளெல்லாம் தலையை மோதியும் தலைவலி அறியாதவன் ஆகிய மரங்கொத்தி, லயத்துக்குப் பின்னால் பட்டுப்போய் நின்ற முள்முருங்கையில் குடியேறி, பொங்கல் கழிந்த மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெயில் பட்டுச் சூடேறிய ஏழாம் காம்பராத் தகரத்தில் வந்து அமர்ந்து, கழுத்தை ஒருமுறை பின்னுக்கு வாங்கி, முதல் முரசை அறைந்தான். தட்தட்தட்தட்தடதடதடவென்று கட்டில் கால் வரைக்கும் அதிர்ந்தது.

சுதாகரன் கண் விழித்தான். அடுத்து அவன் செய்த பிழையை எண்ணி இந்தக் கதைசொல்லி இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறான். ஒழுகும் அந்தக் கூரைக்குப் புதுத் தகரம் கேட்டுத் தோட்டத்து ஆபிசுக்கு அவன் கடிதம் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லயத்துக் கூரையில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஆபிசு மனம் வைக்க வேண்டும், பாஸ் என்று அழைக்கப்படும் தச்சரைத் தோட்டம் அனுப்ப வேண்டும். மேலே தகரம் அதிர்ந்ததும் வேறென்ன நினைப்பான்? மூன்று வருடத்து மனு முளைத்துவிட்டது என்று எண்ணி, கண்ணில் நீர் மல்க, பூரணி ஊற்றி வைத்துவிட்டுப் போன பிளேன்டீயைக் கையில் ஏந்தி, வாசலில் நின்று வான் நோக்கி அழைத்தான்.

“பாஸ் ஐயா! வந்துட்டீங்களா? எறங்கி வாங்க, சூடா பிளேன்டீ குடிச்சிட்டு அடிங்க!”

கூரை விளிம்பிலிருந்து ஒரு செங்கொண்டை எட்டிப் பார்த்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தது, வலப்பக்கம் சாய்த்தது, பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பிளேன்டீயைச் சுதாகரனே குடித்தான்.

அன்று அவன் தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, தொழிற்சாலை மேல்மாடியில், காற்றாடி தாலாட்ட, கொழுந்து மணம் மூக்கை வருட, பச்சைக் கொழுந்தையே மெத்தையாகக் கொண்டு அவன் சாய்ந்துவிட்டான். தொழிற்சாலைக்குச் சக்கரவர்த்தியான டீமேக்கர் ஐயா ரோந்து வந்தபோது, மாவீரன் வாய் திறந்து கிடந்தான், கன்னத்தில் இரண்டு இலையும் ஓர் அரும்பும் அச்சாகப் பதிந்திருந்தன. சக்கரவர்த்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆணை பிறப்பித்தார்.

“இந்தா பாரு சுதாகரன், இது மொத தடவ, அதனால விடுறேன். இன்னொரு நாளு வேலைய கோட்டவுட்டியோ, அடுத்த நாளே கவ்வாத்துக்குத்தான். வெயில்லயும் மழையிலயும் நின்னு தேயில செடிய வெட்டுனா தூக்கம் எங்குட்டு வருதுன்னு பாப்போம்.”

சுதாகரனின் தகப்பன் கவ்வாத்துக் கத்தி பிடித்தே இடுப்பு ஒடிந்தவர். அந்தக் கத்தியிலிருந்து தப்பித்துத் தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே ஒதுங்க அவன் ஏழு வருடம் ஆள் பிடித்து அலைந்திருந்தான். ஒரு பறவையின் மூக்குக்காக அதை இழப்பதா? மறுநாள் காலை, தூங்கா விழி சிவக்க, மீசை துடிக்க, அவன் போர் தொடுத்தான்.

முதற் படை கல். குறி பார்த்து எறிந்தான். மரங்கொத்தி அலைபோல் ஏறி இறங்கிப் பறந்து முள்முருங்கைக்குப் போய்விட, கல்லோ தகரத்தில் விழுந்து, உருண்டு, குதித்து, ஏழாம் கூரையிலிருந்து எட்டாம் கூரைக்குப் படையெடுத்து, எட்டாம் காம்பரா வாசலில் இருந்த தண்ணீர் வாளிக்குள் வீர சுவர்க்கம் அடைந்தது. உள்ளே தொட்டிலில் கிடந்த மூன்று மாதக் குழந்தை வீரிட்டது. பிள்ளையோடு வீட்டில் இருக்கும் ஜெயந்தினி அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

“என்னாண்ணே இது? குருவி தட்டுறப்ப கூட புள்ள தூங்குச்சு. நீங்க அத வெரட்டுறேன்னு எழுப்பி வுட்டுட்டீங்களே!”

மாற்றானின் அம்பு தைத்ததைவிட ஆழமாக அந்தச் சொல் தைத்தது. கல்லை அவன் கைவிட்டான்.

இரண்டாம் படை சாக்கு. பதினோரு அரிசிச் சாக்குகளை விரித்து, தகரம் வெளித்தெரியாதபடி கூரையைப் போர்த்திவிட்டு, அவன் வெற்றிப் பெருமிதத்தோடு படுத்தான். சாக்கில் ஒருமுறை கொத்திப் பார்த்த மரங்கொத்தி, சத்தம் வராதது கண்டு சற்றே சிந்தித்து, நான்கடி தள்ளித் தாவி, டிஷ் அன்டெனாவின் வட்டத் தட்டில் அமர்ந்து ஓர் அடி அடித்தானே பார்க்கலாம்! தகரம் எழுப்பியது முரசொலி என்றால் இது வெண்கல மணியொலி. அதோடு படமும் போய்விட்டது. மாலையில் வந்த பூரணி, தொடர் நாடகம் பார்க்க ஆசையாய் உட்கார்ந்தவள், வெறும் நீலத் திரையைப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். சாக்குகளை அன்றைக்கே அவன் இறக்கிவிட்டான்.

ஆறாம் நாள், வேறு வழியின்றி, கந்தப்பளைக் கடைத்தெருவில் சில்லறைக்கடை வைத்திருக்கும் ஹசன் நானாவிடம் மந்திராலோசனை கேட்கப் போனான். ஹசன் நானா கிளிக்கும் கோழிக்கும் வைத்தியம் சொல்பவர். பருப்பு நிறுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்தார்.

“தம்பி, தகரத்துக்குள்ள புழு ஈக்கிதா? இல்லதானே. அது சாப்பாட்டுக்குத் தட்டுற இல்ல. இது என்ட எடம், வேற ஒருத்தனும் கிட்ட வரப்படாது, பொண்ணு ஒன்டு ஈந்தா வந்து பாருன்டு ஊருக்கே செல்லுது. ஜோடி சேர்ற மட்டும் அப்பிடித்தான். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

பொறுப்பதா! அந்த ஒரு சொல்லில் சுதாகரனின் குருதி கொதித்தது. அவன் பாட்டனுக்குப் பாட்டன் கடல் கடந்து வந்து காடு வெட்டி, தேயிலை நட்டு, அந்தத் தேயிலைக்கே உரமாகிப் போனான். பாட்டன் போனான், தகப்பன் போனான். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒலிபெருக்கி கட்டி வந்து வாக்குக் கொடுத்தவர்கள் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு துண்டு உறுதிப் பத்திரம் அந்தக் குடும்பத்தின் கையில் இதுவரை விழவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்த ஒரு பறவை, கிராம சேவகரின் கையெழுத்தில்லாமல், நில அளவையாளர் சங்கிலி பிடிக்காமல், காலை ஏழரைக்கு நாலு தட்டுத் தட்டிக் கூரையையும் மரத்தையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டதாம்! இது சுதாகரனுக்கு உண்மையாகவே வலித்தது.

ஏழாம் நாள் காலை, ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினான். கீழே பனி, மேலே வெயில், எதிரே எட்டடி தூரத்தில் செங்கொண்டையான். லயமே அண்ணாந்து பார்க்க, கைகளை இடுப்பில் ஊன்றி, மலை எதிரொலிக்க முழங்கினான்.

“டேய்! கேட்டுக்க! இது என் கூர!”

சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“தோட்டத்துக் கூரதான். இல்லங்கல. ஆனா உள்ளுக்குப் படுத்துக் கெடக்கிறவன் நானு!”

மரங்கொத்தி இந்த உரிமைப் பிரகடனத்தைத் தலை சாய்த்து முழுதாகக் கேட்டது. பின்பு தகரத்தில் மூன்று வினாடி நேரம் மறுப்புரை வழங்கியது. சுதாகரன் ஏணியில் இறங்கினான்.

எட்டாம் நாள் போரில்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முழக்கமும் வேகமாய்த் தொடங்கி மெல்லத் தேய்ந்து முடிவதையும், இடையில் அது இருபது எண்ணும் நேரம் ஓய்வெடுப்பதையும், அந்த ஓய்வில் தூரத்து மரத்திலிருந்து யாராவது பதில் சொல்கிறார்களா என்று அது காத்திருப்பதையும் கண்டுகொண்டான். பாவம், பதில் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலை பதில் வந்தது. பள்ளத்து மரமொன்றிலிருந்து மெலிதாய் ஒரு தட்டல். கூரைக்காரன் களிவெறி கொண்டு தகரத்தைப் பிளப்பதுபோல் அறைய, கீழே கிடந்தவன் உதட்டில் சிரிப்பு பரவ, இமைகள் ஒன்றையொன்று தேடிச் சேர, ஒன்பது நாள் தவமிருந்த தூக்கம் திரண்டு வந்து சுதாகரனை அள்ளிக்கொண்டது. ஓசையை ஒழிக்க முடியாதவன் ஓசைக்கு உள்ளேயே படுத்துத் தூங்கக் கற்றுவிட்டான். இதைவிடப் பெரிய வெற்றி எந்தப் போரில் உண்டு!

ஐந்து மணிக்கு அவன் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். பூரணி கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து வர ஐந்தரை ஆகும் என்பதால், நாலு மணிக்கு அவனை எழுப்புவது ஜெயந்தினி. அன்றும் அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து, அகப்பைக் காம்பால் கதவுத் தகரத்தில் தடதடவென்று தட்டினாள்.

“அண்ணே! நாலாச்சு, எந்திரிங்க!”

உள்ளேயிருந்து, அன்பு கனிந்த, தெளிவான குரல் வந்தது.

“தட்டு ராசா. நல்லா தட்டு.”

பேச்சு வந்துவிட்டது, ஆள் எழுந்துவிட்டார், இன்றைக்கு என்னவோ குஷியாகவும் இருக்கிறார் என்று ஜெயந்தினி அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். உள்ளே மாவீரன் கண் திறக்காமலே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தான்.

ஐந்தரைக்குப் பூரணி வந்து, கூடையை இறக்கி, கட்டிலைப் பார்த்து அலறினாள். “ஐயோ! நீங்க இன்னும் போவலையா?” சுதாகரன் சட்டையை ஒரு கையில் மாட்டி, மறு கையில் மாட்டாமல், குறுக்குப் பாதையில் ஓடினான். தொழிற்சாலை வாசலில் டீமேக்கர் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மேல்மாடியில் ஏற்கனவே வேறொருவன் கொழுந்து புரட்டிக்கொண்டிருந்தான். ஐயா கவ்வாத்து நடக்கும் எட்டாம் நம்பர் மலைப் பக்கம் விரலை நீட்டினார்.

ஓ மலைகளே, ஓ முகில்களே, பட்டுப்போன முள்முருங்கையில் துளை குடைந்து பேடையைக் குடியேற்றி, ஏழாம் கூரைக்கும் எட்டாம் கூரைக்கும் பள்ளத்து மூன்று மரங்களுக்கும் முடிசூடி நிற்கும் செங்கொண்டை வேந்தனின் புகழைப் பாடுங்கள், அவனோடு ஒன்பது பகல் பொருது, கல்லும் சாக்கும் பிரகடனமும் தோற்ற பின்னும் தோளில் போர்வையைத் தளரவிடாத தூக்கப் பெருமகனின் புகழையும் அதே மூச்சில் பாடுங்கள், வென்றவர் யார் வீழ்ந்தவர் யார் என்று காலமே வந்து தீர்ப்புச் சொல்லட்டும்!

சுதாகரனுக்கு இப்போது பகல் வேலை, ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறான்.