வகுத்தல் கணக்கில் லாபம்

உடையார்பாளையம் தாலுகா,
விய வருஷம், மாசி மாதம் 9-ந் தேதி.

பெரம்பலூரில் இருக்கும் மதிப்பிற்குரிய அத்தை சுந்தராம்பாள் அவர்களுக்கு, தம்பி மகள் உண்ணாமலை பணிந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் வீட்டில் ஐந்து பேர். அவர்களில் நால்வர் சுகம். மீதி ஒன்று நான். அவ்விடம் தங்கள் சுகத்துக்கும் மாமா சுகத்துக்கும் காராம்பசுவின் சுகத்துக்கும் எழுத வேண்டியது.

விஷயம் என்னவென்றால், எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் வீரமுத்து சாருக்கு அம்மை போட்டிருக்கிறது. இன்ஸ்பெக்டர் பத்து நாளில் வருகிறார் என்று தபால் வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல் என்பதால் ஹெட்மாஸ்டர் அரங்கநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக்கொடு என்றார். நான் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அப்பா அதையே பந்தயமாக்கிவிட்டார். இன்ஸ்பெக்டர் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் திருச்சிக்கு வாத்தியார் டிரெயினிங் அனுப்புகிறேன், எழுதாவிட்டால் பங்குனியோடு புஸ்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு உலக்கையைப் பிடி என்றார். அம்மா உடனே உலக்கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்தாள்.

முதல் நாள் புஸ்தகத்தில் இருக்கிறபடியே, 'பன்னிரண்டை நாலால் வகுத்து ஈவு காண்க' என்று உரக்க வாசித்தேன்.  உடனே பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் தலையை வகுடு எடுத்து ஈரு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கொளஞ்சி என்கிற எட்டு வயதுப் பெண்தான் வேகம். பன்னிரண்டு எடுத்துட்டேன் அக்கா, யாராலே வகுக்கணும் என்று கேட்டாள். ஈவு வேறு, ஈரு வேறு என்று விளங்கவைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஆனால் அன்று வகுப்பு சுத்தமாயிற்று என்று ஹெட்மாஸ்டர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் புளியங்கொட்டை கொண்டுபோனேன். இருபது கொட்டையை நாலு பேருக்குச் சமமாகப் பிரியுங்கள் என்றேன். சமமாகப் பிரிக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. தர்மன் போன வாரம் சிலேட்டை உடைத்தானாம், அவனுக்கு ரெண்டு போதுமாம். சரி, இருபத்தொன்றைப் பிரித்தால் மீதி யாருக்கு என்றேன். அது எனக்கு என்று வகுப்பில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். மூன்றாம் நாள் வறுத்துத் தின்றுவிட்டு வந்து, வகுபடும் எண்ணே இல்லை அக்கா என்றார்கள்.

அப்புறம்தான் அத்தை, எனக்கு ஒரு யோசனை வந்தது, அதுதான் என் தலையில் மண்ணைப் போட்டது. பள்ளிக்கூடத்து வாசலில் மணலைக் குவித்து, பக்கத்தில் நாலு குழி தோண்டி, கொட்டாங்கச்சியால் அளந்து குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வா, எத்தனை சுற்று வந்ததோ அது ஈவு, குவியலில் கடைசியாக நிற்பது மீதி என்றேன். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். என்ன இருந்தாலும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லையே, லாபம் என்றுதானே எடுப்பார்கள்? இதுகளும் அப்படியே லாபம், ரெண்டு, மூணு என்று பாட்டுப் பாடிக்கொண்டு அளந்ததுகள். விடை சரியாக வருகிறதே, வாயைத் திருத்துவானேன் என்று நான் விட்டுவிட்டேன்.

முந்தாநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பட்டணத்துக்காரர், நெல்லை அரிசியாக்கிய பிறகுதான் பார்த்திருப்பார். கொளஞ்சியை எழுப்பி, பதிமூன்று மரக்கால் நெல்லை நாலு பேருக்குச் சமமாகப் பங்கு போட்டால் என்ன வரும் என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு காற்றிலேயே அளந்து, "ஈவு மூணுங்க சார், மீதி லாபங்க" என்றாள்.

"லாபமா? என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு வித்தே?"

"வாங்கலைங்க சார், எங்க வூட்டு நெல்லுங்க."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி மீதி என்ன என்று கேட்டார். வகுப்பு முழுக்க ஒரே குரலில் லாபம் என்றது. சார், அது களத்து வழக்கு என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் பேனாவைத் திறந்துவிட்டார். அவர் நோட்டில், 'இவ்வகுப்பில் வகுத்தலுக்கும் லாப நஷ்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, கற்பித்த மாணவிக்கே தெரியுமா என்பது சந்தேகம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. களத்தில் இருக்கிறார். தெரிந்தால் உலக்கைதான். அப்பா யார் சொன்னாலும் கேட்கமாட்டார், நீங்கள் சொன்னால் மட்டும் கேட்காத மாதிரி கேட்பார். ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் கை வேலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வரவும். மாமாவுக்கு என் வணக்கம், சின்னப் பிள்ளைகளுக்கு என் அன்பு. எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்ணாமலை

பின்குறிப்பு: அத்தை, வர வேண்டாம். தபாலில் போடுவதற்குள் ஹெட்மாஸ்டர் களத்துக்கே போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா ஒன்பதாவது மரக்காலில் இருந்தாராம், கடைசி வரைக்கும் அளந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாராம். "ஒண்ணுன்னு சொல்லி அளந்தா அடுத்த போகம் வெளங்குமாங்க சார்? அது தெரியாத ஆளு எம்மவளுக்குத் தப்புப் போடறாரா? அவ திருச்சிக்குப் போயிட்டு வரட்டும். படிச்சுட்டு வந்து அந்த ஆளு நாற்காலில இவ உக்காரட்டும்" என்றாராம். உங்கள் பழைய தகரப் பெட்டியை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பவும். மேலே முதல் பத்தியைத் திருத்தி வாசிக்கவும்: இவ்விடம் ஐந்து பேரும் சுகம், மீதி இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'இல்லை' என்று எழுதினால் வீட்டுக்கு ஆகாதாம், அந்த வார்த்தையை அடி என்கிறார். அடித்துவிட்டேன். இவ்விடம் ஐந்து பேரும் சுகம், மீதி லாபம். கணக்குப்படி இது தப்பு.