மிச்சம் விழுந்த ஸ்பிரிங்கும் மேனுவல் சாரும்

கோயமுத்தூரில் நட்டு, போல்ட்டைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே மனிதர் எங்கள் மேனுவல் சாராகத்தான் இருக்க வேண்டும். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். மாட்டி முடித்தபின் கையில் இரண்டு போல்ட்டு மிஞ்சினால், “பரவால்லீங்க, ஓடுதுல்ல” என்று டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். மேனுவல் சார் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே புத்தகம் பார்ப்பவர்.

போத்தனூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வண்டி ரிப்பேர் மேனுவல்களாகச் சேர்த்துச் சேர்த்து அந்தப் பெயர் வந்தது. நிஜப் பெயர் கேட்டால் தெருவே முழிக்கும். ஒரு டிசம்பரில் வீடு வீடாகப் பாட வந்த சர்ச் இளைஞர்கள், மேனுவல் என்றால் நம்மவர்தான் என்று நினைத்து, அவர் வாசலில் நின்று மூன்று பாட்டுப் பாடிவிட்டார்கள். பழனி முருகன் காலண்டருக்குக் கீழே கைகட்டி நின்று முழுவதையும் கேட்டவர், கடைசியில் கிடார்காரரிடம் போய், “ஏனுங்க தம்பி, இந்தக் கம்பிய எவ்வளவு முறுக்கோணும்னு புஸ்தகம் ஏதாச்சும் குடுத்திருக்காங்களா? அறுந்து கண்ணுல அடிச்சுபோடுமுங்க” என்றார்.

ஞாயிறு காலையானால் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அவரைப் பார்க்கலாம். புடவைக் கடையில் கல்யாண வீட்டார் பார்ப்பதுபோலப் பார்ப்பார். முதலில் பிரேக் அத்தியாயத்தைத் திறப்பார். ‘அருகிலுள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லவும்’ என்று ஒரு வரி இருந்தால் புத்தகத்தை அப்படியே மூடி வைத்துவிடுவார். “இது வண்டி ஓட்டறவனுக்குங்க. வேலை செய்யறவனுக்கு இல்லீங்க.” அடுத்து எந்த வருட மாடல், எந்த எஞ்சின் என்று அட்டையில் பார்ப்பார். கடைசியாகத்தான் முக்கியமான சோதனை. பக்கங்களில் கிரீஸ் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

“சுத்தமா இருக்கற மேனுவல நம்பக்கூடாதுங்க. அதை வெச்சு ஒருத்தரும் வேலை செய்யலைன்னு அர்த்தம்.”

இன்டர்நெட்டில் சும்மா கிடைக்குமே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அப்படி ஒன்றை இறக்கி, எண்ணூறு பக்கமும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபின்தான் அது ஏதோ ஓர் அயல்நாட்டு மொழியில் இருப்பது தெரிந்ததாம். விடவில்லை மனிதர். அகராதி வாங்கி மூன்று மாதம் படித்து, ஃபியூஸ் பெட்டி டிரைவர் காலடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். குனிந்து பார்த்திருந்தால் மூன்று நொடியில் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்டவர் இருக்கிற தெருவில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் வீடியோ பார்த்தபடி, எங்கள் பழைய காருக்குப் பின் சக்கரங்களின் பிரேக் ஷூவை மாற்றினேன். அந்தப் பக்கம் பால் வாங்கப் போனவர் நின்றார்.

“ஏனுங்க, அந்த வீடியோவுல இருக்கறது உங்க வண்டிங்களா?”

“அதே கார்தாங்க.”

“அதே வருசமுங்களா?”

“கலர்தாங்க வேற.”

அவர் பால் பாத்திரத்தோடு குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். உதடு ‘முருகா’ என்று முணுமுணுத்தது. பிறகு போய்விட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் மனைவி சுமதி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு உடுமலைப்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேலை. திங்கள் போனால் வெள்ளி மாலைதான் திரும்புவாள். அவள் போனபின், முந்தைய நாள் விரித்திருந்த செய்தித்தாளைச் சுருட்டினேன். அதிலிருந்து ஒரு ஸ்பிரிங் உருண்டு விழுந்தது. சுண்டுவிரல் நீளம். புத்தம் புதிது.

பழைய ஸ்பிரிங் என்றால் கழற்றியது என்று விட்டிருப்பேன். இது புதிது. எங்கேயோ மாட்டவேண்டிய ஒன்றை நான் மாட்டவில்லை. அதுவும் பிரேக்கில்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைச் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுவது அவள் வழக்கம். அந்த நல்ல பழக்கத்தை வற்புறுத்தியவனே நான்தான். ஸ்பிரிங்கைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு ஓடினேன்.

மேனுவல் சார் கதவைத் திறந்தார். ஸ்பிரிங்கைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“அம்மணி கெளம்பிட்டாங்களா?”

“கால் மணி ஆச்சுங்க.”

மனிதர் உள்ளே ஓடினார். எங்கள் காருக்கே நான்கு மேனுவல் வைத்திருந்தார். நான்கையும் மேசையில் பரப்பினார்.

“உங்க வண்டி எந்த வருசமுங்க?”

“தெரியலீங்க! ஏதாச்சும் ஒண்ணை எடுங்க!”

“அப்படி எடுக்கப்படாதுங்க. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கம்பெனிக்காரன் பிரேக்க மாத்தியிருக்கான். ஆர்.சி. புக்கு எங்கீங்க?”

ஆர்.சி. புக் காரில் இருந்தது. கார் பொள்ளாச்சி ரோட்டில் இருந்தது. ஓடிப்போய் இன்சூரன்ஸ் நகலை எடுத்து வந்தேன். அதில் வருடம் இருந்தது. நான்கில் இரண்டு கழிந்தது. மீதி இரண்டில் ஒன்று பளபளவென்று புதிது. மற்றது பலகாரம் கட்டிய காகிதம்போல எண்ணெயில் ஊறியிருந்தது. ஒரு கணமும் யோசிக்காமல் எண்ணெய்ப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்தார். டூல் பையை என் கையில் கொடுத்தார்.

“கெணத்துக்கடவுல அவங்க யாரையோ ஏத்துவாங்கல்லங்க?”

உண்மைதான். வழியில் இருக்கிற அந்த ஊரில் ஒரு பேக்கரி வாசலில் உடன் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஏறுவார். எப்போதும் அரை மணி தாமதமாக வருகிறவர். அந்தத் தாமதத்தை நம்பி மேனுவல் சாரின் ஸ்கூட்டரில் ஏறினேன்.

ஏறியபின்தான் ஞாபகம் வந்தது. ‘புது வண்டியை ஆரம்பத்தில் நாற்பதுக்கு மேல் ஓட்டக்கூடாது’ என்று ஸ்கூட்டர் புத்தகத்தில் போட்டிருந்ததை அவர் ஒன்பது வருடமாகக் கடைப்பிடித்து வருகிறார். எங்களை டவுன் பஸ் முந்தியது, தேங்காய் லாரி முந்தியது, பால் கேன் கட்டிய மொபெட் முந்தியது.

“சார், கொஞ்சம் முறுக்குங்க!”

முள் நாற்பதைத் தாண்டியது. ஐம்பது. அறுபது. வழி நெடுக ஓரத்தில் கார் எதுவும் கவிழ்ந்திருக்கக் கூடாது என்று ஊரில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

பேக்கரி வாசலில் எங்கள் கார் நின்றிருந்தது. பக்கத்தில் சுமதி பன் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏனுங்க, என்னாச்சு? ஊட்ல யாருக்காச்சும்…?”

நான் ஸ்பிரிங்கை நீட்டினேன். மேனுவல் சார் அதற்குள் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பக்கம் புரட்டினார். பிரேக் படத்தின் ஓரத்தில், யாரோ முகம் தெரியாத மெக்கானிக் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தான்: ‘புது ஷூ டப்பாவில் ஒரு ஸ்பிரிங் அதிகம் வரும். வேறு மாடலுக்கு உள்ளது. நமக்கு வேண்டாம்.’

நான் சிரித்தேன், சுமதி சிரித்தாள். மேனுவல் சார் மட்டும் சிரிக்கவில்லை. “இருந்தாலும் ஒருக்கா கழட்டிப் பாத்துபோடலாமுங்க” என்று இடது பின் சக்கரத்தின் நட்டில் ஸ்பேனரை வைத்தார். அழுத்தவே இல்லை. நட்டு தானாகச் சுழன்றது.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரலால் திருகிப் பார்த்தார். நான்கு நட்டுமே விரலுக்கு வந்தன. அந்தச் சக்கரத்தை மாட்டும்போது எனக்கு ஒரு போன் வந்ததும், பேசி முடித்து நட்டை இறுக்காமலே ஜாக்கியை இறக்கிவிட்டு எழுந்துபோனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“வரும்போது கடகடன்னு சத்தம் கேட்டுச்சுங்ணா. ரோடு சரியில்லைன்னு நெனச்சேன்” என்றாள் சுமதி.

மேனுவல் சார் அண்ணாந்து என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நட்டு கொஞ்சம் எளகியிருக்குதுங்க அம்மணி. புதுசா மாட்டுனா, கொஞ்ச தூரம் ஓட்டிப்போட்டு மறுக்கா இறுக்கோணும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கான். அதுக்குத்தான் வந்தோமுங்க.”

பிறகு ஒன்றரை மணி நேரம், நான்கு சக்கரத்தையும் வரிசையாகப் பார்த்து, பிரேக்கைத் திறந்து மூடி, பதினாறு நட்டையும் இரண்டு தரம் இறுக்கினார். அரை மணி தாமதமாக வந்த அம்மா, முதன்முறையாக மற்றவருக்காகக் காத்திருந்தார்.

கார் கண்ணுக்கு மறைந்ததும் அவர் பேக்கரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு நிமிசமுங்க. கை நடுங்குது” என்றார். நான் டீ வாங்கி வந்தேன். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நான்தான் பிடித்துக்கொண்டேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை இல்லை.

வெள்ளிக்கிழமை சுமதி வந்ததும் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

இப்போதெல்லாம் திங்கட்கிழமை உடுமலை போய் இறங்கியதும் அவளுடைய முதல் போன் எனக்கு வருவதில்லை. கடைசி வீட்டுக்குப் போகிறது. “வந்து சேந்துட்டேனுங்ணா” என்று சொன்ன பிறகுதான் அவர் காலை டிபனுக்கே உட்காருகிறாராம்.