வைஃபைக்கு மீசை வைத்தேன்

பத்திரிகையில் பிழை திருத்தியே பழகியவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. எழுத்து மட்டும்தான் தெரியும். பக்கத்தில் இருக்கும் படம் கண்ணில் படாது. எனக்கு அது முற்றியிருந்த சமயத்தில்தான் விழுப்புரத்தில் ஓர் இன்டர்நெட் கம்பெனி என்னை விளம்பர அதிகாரியாக எடுத்தது.

திண்டிவனத்தில் கிளை திறந்திருந்தார்கள். "பெரிய கம்பெனிங்கள்லாம் ஜாலியா ஒரு பொம்மைய வச்சே பேரு வாங்கிடறாங்க. நமக்கும் ஒண்ணு ரெடி பண்ணுய்யா. உன் கண்ணு பேப்பர்காரன் கண்ணு, நீ பார்த்தா போதும்" என்றார் முதலாளி. "ஆனா திண்டிவனத்துல கனெக்‌ஷன் ஏறலன்னா நீ வேற வேலை பார்த்துக்கோ." (நான் விட்டுவந்த நாற்காலியில் அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.)

வைஃபை குறியின் வளைவுகளைத் தலைகீழாக்கினால் முறுக்கு மீசை வரும் என்றார் படம் வரைபவர். எந்த மாதிரி மீசை என்று கேட்டார். என் மீசையையே பெருமையாகக் காட்டினேன். அவரும் என்னைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். உருண்டைச் சிவப்பு முகம். தூங்காத சேவை என்பதற்கு உருட்டிய கண்கள். வாயிலிருந்து கேபிளாகத் தொங்கும் நாக்கு. அச்சுக்குப் போகும்முன் நுணுக்கமாகப் பார்த்தேன். முகவரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன்.

கயிறு கோத்த பிளாஸ்டிக் பொம்மை. இணைப்பு வாங்குகிறவர்கள் வாசலில் மாட்டிக்கொள்ளலாம். வாங்காதவர்களும் வந்து கேட்டார்கள். "எம் மச்சினன் வூட்டுக்கு ஒண்ணு குடு சார்." கொடுத்தேன். "ஊரே நம்ம பொம்மையக் கேக்குது சார்" என்று முதலாளிக்கு போன் செய்தேன். பெருமையைக் கண்ணால் பார்க்க அவர் காரிலேயே வந்துவிட்டார். என்னையும் ஏற்றிக்கொண்டார்.

மயிலம் சாலையில் முதல் பொம்மை தெரிந்தது. பூசாத இரண்டு மாடி வீடு. மாடிக் கம்பியில், வெள்ளைப் பூசணிக்காய்க்கும் மிளகாய் கோத்த எலுமிச்சைக்கும் நடுவில் எங்கள் பொம்மை நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. கம்பெனி பெயர் இருந்த அடிப்பாகத்தைக் காணோம்.

திருஷ்டி பொம்மை! அந்த நிமிடம்தான் நான் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

முதலாளி இறங்கி, செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவைக் கேட்டார்: "கீழ எழுத்து இருந்துச்சே, இன்னா ஆச்சு?"

"வெட்டிட்டோங்க. எழுத்து இருந்தா படிச்சிக்கினு நிப்பாங்க. மூஞ்சியப் பார்த்ததும் பயந்துக்கினு ஓட வாணாமா?"

"இன்டர்நெட் வாங்குனீங்களா?"

"கதவே வைக்கல, அதுக்குள்ள இன்டர்நெட்டா?" என்றவர் என்னைப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "இவரு..." என்று இழுத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

வழியில் மல்லாட்டை வயலில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, எங்கள் பொம்மை ஒன்று குச்சியில் நின்றது. பன்றிக்குக் காவலாம். மனதுக்குள் என் ராஜினாமாக் கடிதத்தைப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது கார் ஸ்பீக்கரில் அவர் மனைவியின் குரல். "ஏங்க, திண்டிவனத்துல ஏதோ மீசை வச்ச திருஷ்டி பொம்மை சும்மா குடுக்கறாங்களாமே? நம்ம புது வூட்டு மாடிக்கு ஒண்ணு ஜல்தியா வாங்கிக்கினு வாங்க."

முதலாளி காரை ஓரங்கட்டினார். பிறகு சிரிப்பில் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. "அடுத்த அச்சுல பேரையும் நம்பரையும் நெத்தியில போடுய்யா. எவன் வெட்டறான்னு பார்க்கறேன்" என்றார்.

கதவு வைத்ததும் மயிலம் சாலை அம்மாவே, பக்கத்து வீட்டுப் புதுப் பொம்மையின் நெற்றியில் இருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். "மீசைக்காரரு கம்பெனிதானே?" இப்போது வருகிற அழைப்புகளில் பாதி அப்படித்தான் தொடங்குகிறது. வேலை தப்பியது.

வீட்டில்தான் தப்பவில்லை. போன மாதம் மகள் புது ஸ்கூட்டர் வாங்கினாள். எலுமிச்சம்பழம் வாங்கிவர நான் செருப்பை மாட்டினேன். மனைவி தடுத்துவிட்டாள்.

"அது எதுக்கு? வண்டி முன்னாடி கொஞ்ச நேரம் நீங்க நில்லுங்க, போதும்."

நின்றேன். மகள் போட்டோ எடுத்தாள். வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை.